வெள்ளிக்கிழமைகளில் நான் வேறு வீட்டுப் பெண்

அதைத்தான் சொல்ல வந்தேன் மல்லிகா, ஏழு மாதம் என் பாவாடையில் எதிர்வீட்டு டீச்சர் வீட்டுச் சோப்பு வாசனைதான் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் போடுவது மட்டமான சோப்பு, முகர்ந்தால் மூக்கு எரியும். டீச்சர் வீட்டுச் சோப்போ எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல இருக்கும். நீ பக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவந்த அன்று, "இந்த ஏரியா ஃபேமிலிக்கு நல்லா இருக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாய். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது, எனக்கு ஒன்பது வயது. அப்பா தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் வீசுகிற பரோட்டாவைப் பார்ப்பதற்கென்றே டீ குடிக்க வருவார்கள், அது வேறு கதை. இரும்புலியூரில் நாங்கள் இருந்த குடிசை ஒரு மழையில் உட்கார்ந்துவிட, வாடகை வீடு தேடி நடையாய் நடந்தோம். போகிற இடத்திலெல்லாம் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே "பசங்க எத்தினி?" என்றுதான் கேட்பார்கள், மூன்று என்றதும் கதவு சாத்திக்கொள்ளும். கடைசியில் இதே ராஜகீழ்ப்பாக்கத்தில், இதே தெருவில், ஓர் ஓட்டு வீடு காலியாக இருந்தது. சொந்தக்காரி இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்து அம்மாள். வெயிலோ மழையோ கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வரமாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் "குடைக்காரம்மா". "ரெண்டு பசங்கன்னா வாங்க. மூணுன்னா என் கிணறு தாங்காது" என்றார். அப்பா வாயிலிருந்து சட்டென்று வந்துவிட்டது: "ரெண்டுதாம்மா."

தம்பிக்கு மூன்று வயது, தங்கைக்கு ஒன்றரை. அவர்களை ஒளித்தால் அழுதே காட்டிக்கொடுப்பார்கள். ஒளிக்கக்கூடிய பிள்ளை நான் ஒருத்திதான். அம்மா என்னை இறுக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை மட்டும்டி கண்ணு. அந்தம்மா தேங்கா பறிக்க வர்ற அன்னிக்கு மட்டும் என்னை அம்மான்னு கூப்ட்றாத" என்றாள்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வீட்டு சுலோச்சனா அக்காவின் கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. "இன்னாமே, ரெண்டு பசங்கன்னு சொல்லிட்டு கொடில மூணு சைசுல துணி காயுது? குடைக்காரம்மாவுக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?" என்று கேட்டவள், அம்மா அழ ஆரம்பிப்பதற்குள் என் பாவாடைகளை உருவிக்கொண்டு போய் எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் கொடியில் போட்டுவிட்டாள். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை துவைப்பதையும் அவரே துவைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தெரு முனையில் கறுப்புக் குடை தெரிந்தால் கோலி விளையாடுகிற பிள்ளைகள் "சார் போஸ்ட்!" என்று கத்துவார்கள், உண்மையான தபால்காரர் பாவம், தனக்கு முன்னால் யார் தபால் கொடுப்பது என்று குழம்பிப்போனார். நான் கையில் கிடைத்த வீட்டுக்குள் ஓடுவேன். ஒரு வாரம் சுலோச்சனா அக்காவின் "நாத்தனார் பொண்ணு", ஒரு வாரம் முனை வீட்டு ரயில்வேக்காரருக்கு ஊரிலிருந்து வந்த சொந்தம். எஸ்தர் டீச்சருக்கு மட்டும் பொய் வராது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒருநாள் குடைக்காரம்மா அவரிடம் நேராகவே, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை இல்லாத டீச்சர் என் தலையில் கை வைத்து, "கர்த்தர் எனக்குக் குடுத்த பொண்ணும்மா" என்றார். குடை அந்தப் பக்கம் போனதும் சுலோச்சனா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், பொய்க்கே ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களே!" என்று சிரித்தாள்.

எல்லா வீட்டிலும் எனக்குச் சோறு இருந்தது மல்லிகா, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் பத்தடி தள்ளி அம்மா தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள், கூப்பிட்டால் கேட்கிற தூரம், கூப்பிட முடியாது.

ஐப்பசி மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். "அம்மா!" என்று கத்தினேன். அதனால் மாட்டியிருக்க மாட்டோம், விழுகிற எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் கத்தும். காட்டிக்கொடுத்தது அம்மா ஓடிவந்த ஓட்டம். குடைக்காரம்மாவோடு பேசிக்கொண்டு நின்றவள், இடுப்பிலிருந்த தங்கையை அப்படியே அவர் கையில் திணித்துவிட்டு, சேற்றில் சறுக்கி, எழுந்து, மறுபடி ஓடிவந்து என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

குடைக்காரம்மா தங்கையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் குடையை எங்கோ விட்டிருந்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது.

"அவ அப்டிதாம்மா, யார் வூட்டுப் புள்ள வுழுந்தாலும் ஓடுவா" என்றாள் சுலோச்சனா அக்கா.

"நீ வாய மூட்றீ. ஒரு வாரம் உன் நாத்தனார் பொண்ணு, மறுவாரம் டீச்சர் பொண்ணு, இன்னிக்கு இவ பொண்ணா? ஒரு பொண்ணுக்கு எத்தினி அம்மா கீறாங்க இந்தத் தெருவுல?" அம்மாவின் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லி குடி வந்தவங்கள நான் வெச்சிக்க மாட்டேன்."

அம்மா என் காலைப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர்தான் முன்னால் வந்தார்.

"நானும் பொய் சொன்னேம்மா. கர்த்தர் இவளைக் குடுத்தது அவங்களுக்கு. நான் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டேன். எங்க வீடும் உங்களுதுதானே, காலி பண்ணச் சொன்னா ரெண்டு வீட்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

தங்கை குடைக்காரம்மாவின் மூக்குத்தியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, என் கணுக்காலைக் குனிந்து பார்த்தார்.

"வீக்கம் ஏறிகினே போவுது, அல்லாரும் நின்னு வேடிக்க பாத்துகினு கீறீங்க! யார் வூட்ல புளி கீது? உப்பப் போட்டு கொதிக்க வைங்க."

நாலு வீட்டிலிருந்து புளி வந்தது. அவரே ஈரப் படியில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பற்றுப் போட்டார். "ஒரு கொடம் சேத்து எறைச்சா கிணறு வத்திப் பூடாது. ஆனா இன்னொரு தபா மரம் ஏறுன, இந்தக் கால நானே ஒடிப்பேன்" என்றார்.

சூடு தாங்காமல் "அம்மா" என்றேன். "இன்னாடி கண்ணு" என்றாள் அம்மா. சூடு ஆறிய பிறகும் கூப்பிட்டேன். "இன்னாடி?" "ஒண்ணுமில்ல." மறுபடி கூப்பிட்டேன். "அடியே, பதில் சொல்லி மாளல அவளால, கொஞ்சம் வுடு" என்றார் குடைக்காரம்மா.

டீச்சரும் போய்விட்டார், குடைக்காரம்மாவும் போய்விட்டார். கொய்யா மரம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் 'குழந்தைகள் இங்கே விளையாடக் கூடாது' என்று போட்டிருப்பதாகப் பேத்தி படித்துச் சொன்னாள். ஒரு பிள்ளையை நிறுத்தி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற ஆளும் இங்கே இப்போது இல்லை. உன் பெண் ஸ்கூல் விட்டு வந்து, நீ ஆபீசிலிருந்து வருகிறவரை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிறாளாமே, நேற்றுத்தான் தெரிந்தது. நாளையிலிருந்து நேரே இங்கே வரட்டும். யாராவது யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் நான்... ஐயையோ, மோட்டார் போட்டதை மறந்தே போனேன் மல்லிகா, மேலே டேங்க் வழிகிற சத்தம் கேட்கிறதே!