இரண்டாகக் கிழித்த புத்தகம்

நான் ஜப்பானுக்குப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "அப்புறம் ஜப்பான் எப்படி இருந்தது?" என்று கேட்க எங்கிருந்தாவது ஒரு ஆள் வந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் தெற்கே எங்கள் வண்ணார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். கூட நின்றவன் ராதாபுரம் பக்கத்துக்காரன், ஐ.டி.ஐ.யில் படித்த காலத்திலிருந்தே கூட்டாளி. ஜப்பானில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்தப் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்தவனுக்குத்தான் முதலிடம் என்று ஒரு ஏஜெண்டு சொன்னார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. மெட்ராஸிலிருந்து ஒரு பழைய புத்தகம் தருவித்தோம். இங்கிலீஷ் வார்த்தை, அதற்கு இங்கிலீஷிலேயே ஒரு வரி விளக்கம், பக்கத்தில் ஜப்பான் வார்த்தை. நாங்களோ தமிழ் மீடியம். முதல் பக்கத்திலேயே அபாகஸ் என்று கிடந்தது. விளக்கமும் விளங்கவில்லை. நூலகத்தில் போய் இங்கிலீஷ்-தமிழ் அகராதியைப் புரட்டினால் மணிச்சட்டம் என்றிருந்தது. அதையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஜப்பான்காரன் வீட்டுக்குப் போக வெள்ளைக்காரன் வாசலில் காத்துக் கிடப்பானேன் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு புத்தகம், இரண்டு ஆள். அவன்தான் சொன்னான். "ஏலே, ரெண்டாக் கிழிச்சிருவோம். ஏ-ல இருந்து எல் வரைக்கும் நீ வச்சுக்கோ, எம்-ல இருந்து இசட் வரைக்கும் நான். ஆடி கழிஞ்சதும் மாத்திக்கிடலாம்."

புத்தகத்தைக் கிழித்தால் படிப்பு விளங்காது என்பார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு கிழித்தோம். அப்பாவுக்கு 'சிச்சி' என்று என் பாதியில் இருந்தது. அம்மாவுக்கு 'ஹஹா', அவன் பாதியில். "எனக்குச் சிரிப்பு வந்திருக்கு, உனக்குச் சீச்சின்னு வந்திருக்குலே" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு அலைந்தான்.

ஆனிக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல். பச்சிலை மருந்துக்கு அங்கன இங்கன அலைந்துவிட்டு, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கண் ரெண்டும் மஞ்சள். "கீரோ" என்றான் என்னைப் பார்த்ததும். "மஞ்சளுக்கு அதான்லே. என் பாதில உள்ளது." காய்ச்சல், ரத்தம், ஈரல், ஆஸ்பத்திரி எல்லாம் என் பாதியில் கிடந்தன. மருந்து அவன் பாதியில். "மருந்துக்கு என்னலே?" என்று கேட்டால் "குசுரி" என்று பட்டென்று சொல்வான். பிறகு யோசித்துச் சொன்னான். பிறகு கேட்டது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவன் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, "பொழச்சிருவானாய்யா?" என்று என்னையே கேட்பாள். நாலு எழுத்துப் படித்தவனாம் நான். "பொழச்சிருவான், பயப்படாதீங்க" என்பேன்.

செத்துப்போனான். கல்யாணம்கூட ஆகாத பையன். எந்தச் சாமியிடம் போய் நியாயம் கேட்பது?

காரியம் முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். நேர்முகத் தேர்வு நெருங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு அந்தப் பாதியைக் கேட்டேன்.

"தலமாட்டுலயே வச்சிருந்தானேய்யா" என்றாள் அவன் அம்மா. "ஆசப்பட்ட பொருளுன்னு நெஞ்சு மேல வச்சே அனுப்பிட்டோம். தப்பாய்யா?"

தப்பில்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது அவன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. கிழிக்கச் சொன்னவன் அவன்தானே.

இருந்த பாதியோடு மெட்ராஸுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் வயதான ஒரு ஜப்பான்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். வேலைக்கு ஒர்க், படிப்புக்கு ஸ்டடி, விருப்பத்துக்கு விஷ் என்று தேடவேண்டிய வார்த்தையெல்லாம் அவன் பாதியில் இருந்தவை. வாய்ப்பாடமாக அவன் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. நண்பன் என் பாதியில் இருந்தான். சாவும் என் பாதியில்தான் இருந்தது.

"தொமொதாச்சி ஷினிமாஷ்தா" என்றேன். நண்பன் செத்துப்போனான். அதை மட்டும் திக்காமல் சொன்னேன்.

பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "உங்களைப் பத்தி சொல்லுங்கன்னா, யாரையோ பத்திச் சொல்றீங்களே" என்றார்.

"என்னைப் பத்தித்தான் சார் சொல்லுதேன்" என்றேன்.