திங்கட்கிழமைக்குப் பச்சை

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் புடவைதான் கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் ஒரே புடவையை இரண்டு தடவை கட்டினால் தொலைந்தோம். "மிஸ், இதைத்தானே முந்தாநாள் கட்டினீங்க?" என்று எல்.கே.ஜி. வாண்டுகூட மானத்தை வாங்கிவிடும். பிரசவ லீவு முடிந்து சேலையூரில் இருக்கும் அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போகும்போது, தினமும் காலையில் பீரோ முன்னால் நின்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. தூக்கம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.

அதனால் கணவரின் டிஜிட்டல் கேமராவை எடுத்து, புடவைகளையெல்லாம் கட்டிலில் விரித்துப் படம் பிடித்தேன். கம்ப்யூட்டரில் கிழமைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, எதற்கு அடுத்து எது என்று ஒரு மாதத்துக்கே பிரித்து வைத்தேன். திங்கட்கிழமைக்குப் பச்சை. தாம்பரத்தில் வாங்கியது, கசங்காது.

"எங்க ஆபீஸ்லகூட இவ்ளோ ப்ளான் பண்ண மாட்டாங்கடி" என்று அவர் கிண்டலடித்தார். அடித்துக்கொள்ளட்டும். இன்னும் லீவு நீட்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை போனிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும்.

திங்கட்கிழமை காலை பாப்பாவுக்குப் பால் கொடுத்து மாமியாரிடம் விட்டுவிட்டு, பச்சைப் புடவையின் ப்ளவுஸைப் போட்டேன். ஹூக் மாட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் இரண்டு பக்கமும் சேரவில்லை. செவ்வாய்க்கிழமை ப்ளவுஸை எடுத்தேன், அதுவும் அதே கதி. உள்தையலைப் பிரிக்கலாம் என்றால், அதை வயிற்றில் பிள்ளை இருந்தபோதே பிரித்தாகிவிட்டது. புடவை யாருக்கும் பொருந்தும். வீட்டில் நைட்டியிலேயே கிடந்தவளுக்கு, ப்ளவுஸையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. மரமண்டை!

கடைசியில், தொளதொளவென்று இருக்கிறதே என்று எப்போதோ மூலையில் தள்ளிய கருப்பு ரெடிமேட் ப்ளவுஸ்தான் ஏறியது.

"ஏம்மா, மொத நாளே கருப்பா?" என்றார் மாமியார்.

"கருப்போ சிவப்போ, இதுதான் அத்தை ஏறுது!" என்று கத்திவிட்டேன். அவர் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முந்தானைக்குப் பின் குத்திவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் "அம்மா, அம்மா" என்று வீறிட ஆரம்பித்தான். தூக்கி இடுப்பில் வைத்தேன். அவ்வளவுதான், எனக்குப் பால் சுரந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடினேன். ப்ளவுஸில் தெரியாதது பச்சைப் புடவையில் திட்டாகத் தெரிந்தது. நிமிர்ந்தால் வாசலில் தலைமையாசிரியை. வீட்டுக்குப் போகச் சொல்லப்போகிறார், வேலை போச்சு என்று நினைத்தேன்.

அவர் உள்ளே வந்து பையனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"என் ரூம்ல பாத்ரூம் இருக்கு, போங்க மிஸ். நாளைலேருந்து பையில இன்னொரு புடவை எடுத்துட்டு வாங்க."

"சரி மேடம்" என்றேன்.

பாத்ரூம் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டேன். வேலை நிலைத்துவிட்டது. மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் அந்நேரம் மாமியார் என் மகளுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருப்பார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று வாய்விட்டு அழுதேன்.