முதலியார்பேட்டை செரீஸ் மரம்

புதுச்சேரியில் செர்ரி மரம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது படித்துவிட்டுத் தெருத்தெருவாக அலைந்து என்னைத் திட்டுவார்கள். இந்த வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அது நாற்றிலேயே கருகிப் போகும். எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், மாசி பிறந்தால் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நிறுத்துங்க, அங்க ரோஸ் கலர்ல ஏதோ தெரியுது" என்று கத்திக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தவள் நான். பேரப்பிள்ளை எடுத்த வயதில் இது எனக்குத் தேவையா என்று அவர் கேட்காத நாளில்லை.

எல்லாம் என் அக்காவால் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பாடப் புத்தகத்தில் பனி பெய்யும், பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சறுக்குவார்கள், அப்புறம் 'பிரந்தாம்' என்கிற வசந்த காலம் வரும். அந்தப் பக்கத்தில் ஒரு மரம். ஒரு இலை கிடையாது, கிளை முழுக்க ரோஸ் நிறப் பூ. அதுதான் செர்ரி மரம் என்று டீச்சர் கன்னியாஸ்திரி சொன்னார். செர்ரிப் பழத்துக்கு பிரெஞ்சில் செரீஸ் என்று பெயர். மரத்துக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்ல வாய் வராமல் நாங்கள் செரீஸ் மரம் என்றே வைத்துக்கொண்டோம். முதுகில் வியர்வை வழிய வழிய நாங்கள் பனியையும் பிரந்தாமையும் மனப்பாடம் செய்தோம். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். தெருமுனையில் ஒரு விறகுக் கடை இருந்தது. அதன் வேலியோரம் நின்ற ஒரு மரம் மாசி மாதத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு, நுனி வரைக்கும் ரோஸ் நிறமாகப் பூத்துவிடும். ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போது அக்கா அதன் முன்னால் நின்றாள். புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "இதாண்டி செரீஸ் மரம்" என்றாள். அக்கா வகுப்பில் முதலாவது. நான் நம்பாமல் வேறென்ன செய்வது?

அதற்கப்புறம் பழத்துக்குக் காத்திருந்தோம். ஆளுக்கு இரண்டு கிளை என்று பங்கு போட்டு, என் கிளைகளில் பச்சை ரிப்பனும் அவள் கிளைகளில் சிவப்பு ரிப்பனும் கட்டினோம். சித்திரையில் காய் வந்தது, அவரைக்காய் மாதிரித் தட்டையாக. வெயில் ஏறியதும் அவை பட்பட்டென்று வெடித்துத் திருகிக்கொண்டு விழுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அசரவில்லை. "பிரான்ஸ்ல குளிரு. அதான் உருண்டையா காய்க்குது. இங்க வெயிலுக்குத் தட்டையா போயிடுச்சு" என்றாள். ஒன்றைக் கடித்தும் பார்த்தாள். துப்பினாள். அம்மாவுக்குத் தெரிந்து முதுகில் இரண்டு வைத்தார். அப்படியும் அடுத்த மாசியில் ரிப்பன் கட்டத்தான் போனோம்.

பின்னாளில் அந்த மரத்தின் பெயர் கிளைரிசிடியா என்று தெரிந்துகொண்டேன். தழை உரத்துக்காக வயல் வரப்பில் வளர்ப்பார்கள். கொம்பை ஒடித்து நட்டால் வேலியாகிவிடும். செர்ரிக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நான் கண்டுபிடித்துச் சொன்னபோது அக்கா பிரான்சிலிருந்து போனில், "போடி" என்று வைத்துவிட்டாள்.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாமாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கல்யாணமாகி ஆறாம் மாதம் இரண்டு பேரும் விமானம் ஏறினார்கள். பாரீசை ஒட்டிய ஓர் ஊரில், அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அங்கே சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிஜமான செர்ரி மரம் ஒன்று நின்றது. போய்ச் சேர்ந்த முதல் பங்குனியில் அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். அப்புறம் வருடம் தவறியதில்லை. வாட்ஸ்அப் வந்த பிறகு போட்டோவுக்குக் கீழே ஒரே வரிதான் இருக்கும்: "இந்த வருஷமும் பூத்துட்டுது."

அவளும் ஊருக்கு வராமல் இல்லை. ஆனால் பிரான்சில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் வருகிற நேரம் ஒன்றுதான். ஜூலை, ஆகஸ்ட்டில் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை. வக்கான்ஸ் என்பார்கள். அதாவது நம்முடைய ஆடி மாதம். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பாள், சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் சாக்லெட் கொடுப்பாள், ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் படுப்பாள், போய்விடுவாள். ஆடியில் எந்த மரம் பூத்து நிற்கும்? ஊரெல்லாம் பச்சைப் பசேலென்று சும்மா நிற்கும். கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு தடவைகூட மாசியில் புதுச்சேரியைப் பார்த்ததில்லை.

மாமா தவறிப்போய், மகனும் தனிக்குடித்தனம் போன பிறகு நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். "ஒத்தையில அங்க என்னத்துக்கு? வந்துடுக்கா. மாடி சும்மாதான கெடக்குது." எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அம்மா அப்பா போய்விட்டார்கள். என்னை 'டி' போட்டுக் கூப்பிட இந்த ஊரில் ஒருத்தரும் மிச்சமில்லை. அவள் பிடிகொடுக்காமலே பேசினாள். ஒரு நாள் மட்டும், "நம்ம செரீஸ் மரம் எங்கனா இருக்குதா பாரு. இருந்தா பூக்கறப்ப வர்றேன். வந்து மத்ததெல்லாம் பேசிக்கலாம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

விறகுக் கடை போய் அங்கே செல்போன் கடையும் அதன் மேல் டியூஷன் சென்டரும் வந்துவிட்டன. அந்த மரம் போனது போனதுதான். ஆனால் அதே சாதி மரம் ஊரில் வேறெங்கும் இல்லாமலா போகும்? தேடினேன். கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு மரம் ரோஸ் நிறமாகக் கொட்டிக்கொண்டு நின்றது. போட்டோ அனுப்பினேன். "பூ ஊதுகுழலாட்டம் இருக்குது. இது இல்ல" என்று பதில் வந்தது. இன்னொரு மரத்தை, "இலை இருக்குது பாரு, கண்ணு தெரியலையா?" என்று தள்ளினாள். புங்கமரத்தடியில் பூ பாய் விரித்த மாதிரிக் கிடந்ததை அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சுத் தெருக்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கம். தூரத்தில், ஒரு மஞ்சள் மதிலுக்கு மேலே, ஒரு இலை இல்லாமல் மரம் முழுக்க ரோஸ் நிறம். அதற்கு முன்னால் நின்று செல்பி எடுக்க நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நானும் நின்று எடுத்து, "கண்டுபுடிச்சிட்டேன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அக்கா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். பட்டுப்போன வேப்பமரம். அதன்மேல் காகிதப்பூக் கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. ஒரு வாரம் போன் செய்யும்போதெல்லாம் சிரித்தாள். மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அதனால் பட்ட மானக்கேட்டைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் சொல்லும் அடையாளங்கள் வரவர மாறிக்கொண்டே போயின. "பூ இதழ் இதழா உதிரணும்டி. காத்தடிச்சா பனி மாதிரி பறக்கும்" என்பாள். முதலியார்பேட்டை மரம் எங்கே இதழாக உதிர்ந்தது? முழுப் பூவாகத் தொப்பென்று விழும், நாங்கள் பொறுக்கி ஊசியில் கோத்திருக்கிறோம். சொன்னால், "ஒனக்கு அப்ப ஏழு வயசு, ஒனக்கு என்னா தெரியும்?" என்பாள். அவள் கேட்கும் மரம் எந்த ஊரிலும் இருக்காது போலிருக்கிறதே என்று அப்போதே எனக்குள் ஒரு பயம் தட்டியது. அதைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தேன்.

போன வருடம் மாசியில் கிரைண்டர் மோட்டார் புகைந்துபோய், புதுக் கம்பி சுற்றத் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோனோம். மூடிக் கிடந்த ஒரு தொழிற்கூடத்தின் பின்பக்கம், இரும்புத் தகரங்களுக்கு நடுவே, வேலி போடுவதற்காக யாரோ எப்போதோ நட்ட கொம்புகள் மரமாகி, வரிசையாகப் பூத்து நின்றன. இலையே இல்லை. நுனி வரைக்கும் ரோஸ். கிரைண்டரை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு நான் வீடியோ காலில் கூப்பிட்டேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். அப்புறம், "அதான்டி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அடுத்த வருஷம் டிக்கெட் போடச் சொல்றேன்."

ஒரு வருடம் முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாடியில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன். அவளுக்கு முட்டிவலி, அதனால் படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடி அடித்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டேன். தட்டாஞ்சாவடிப் பக்கம் போகும்போதெல்லாம் வேலியை வெட்டிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். "சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலை" என்றார் வீட்டுக்காரர்.

இந்த மார்ச்சில் அக்கா வந்தாள். வந்த மறுநாளே ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூ பாதி கொட்டிப்போயிருந்தது. மிச்சமிருந்ததும் அழகாகத்தான் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. அக்கா ஊன்றி வந்த தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து ஒரு பூவை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அவரப் பூடி இது" என்றாள்.

"அதத்தான நான் எத்தினி வருஷமா சொல்றேன்!"

இரண்டு பேரும் சிரித்தோம். வெல்டிங் ஆள் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் ஒரு மரத்தில் கை வைத்து நின்றாள். வந்துடறேன்டி என்று இப்போது சொல்வாள், இதோ சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க ஜன்னலுக்கு வெளிய அது பூக்கறப்பல்லாம் எனக்கு நம்ம விறகுக்கட மரந்தான் ஞாபகம் வரும்" என்றாள். "சமச்சிகிட்டே அதயே பார்த்துகிட்டு நிப்பேன். குழம்பு அடி புடிக்கும், ஒங்க மாமா கத்துவாரு." மரத்தைத் தட்டிக் கொடுத்தாள். "இப்ப இங்க வந்து நிக்கறேன். அங்க அது மொட்டு வுட்டிருக்குமான்னு இருக்குதுடி. போனதுலேருந்து அது பூத்து நான் பார்க்காத வருஷமே இல்ல."

பையிலிருந்து போனை எடுத்து, தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த மகனைக் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். பள்ளியில் படித்ததில் பாதி எனக்கு மறந்துபோயிருந்தது, ஆனாலும் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. ஒரு கிளையில் மட்டும் இரண்டு மூன்று பூ விரிந்திருந்தது. அவள் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். தலைக்கு மேலே இருந்த மரத்தை மறந்தே போனாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கைப்பிடி அடித்தேனே, டாய்லெட் வைத்தேனே என்று உள்ளே கொதித்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, எட்ட நின்று தன் கிளைகளை அண்ணாந்து பார்ப்பாளே, அதே முகம். அவளுடைய கிளைகள் இப்போது அங்கே இருக்கின்றன. அவள் வரமாட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவளுக்கே அது அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் போனிலிருந்து நிமிர்ந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

"மாடி ரூமு ரொம்ப நல்லா இருக்குதுடி" என்றாள்.

தடியை அவள் கையில் கொடுத்தேன்.

"டிக்கெட்டை முன்னாடி மாத்திக்கோக்கா. அது முழுசா பூக்கறதுக்குள்ள போய்ச் சேரு" என்றேன். "அடுத்த தடவ எப்பவும்போல வக்கான்ஸ்லயே வா."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா கையிலிருந்த பூவைக் கீழே போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு வந்து ஏறினாள்.