செல்லமுத்துவின் ஏழு தலைமுறை

போன மாதம் நண்பர் செல்லமுத்து ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவர்.

“ஏனுங்க, நீங்க எழுதறவரு. எங்க வம்சத்த ஏழு தலைமுறைக்கு எழுதிக் குடுங்க. கோயில் நோம்பிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கோணும்.”

குலதெய்வக் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் குடும்பத்துக்குத்தான். மனிதருக்கு அதில் அத்தனை பெருமை!

அந்தப் பெருமைதான் அவர் மகள் நித்யாவை அழவைத்துக்கொண்டிருந்தது. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சேவூர்ப் பையனும் அதே கூட்டம். இங்கே ஒரே கூட்டம் என்றால் ஒரே வம்சம், அண்ணன் தங்கை முறை... கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.

பெட்டியைக் கிளறினோம். பழைய கிரயப் பத்திரங்கள், நில வரைபடங்கள்... அடியில் ஒரு சுவீகாரப் பத்திரம். வாசித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன். செல்லமுத்துவுடைய அப்பாவின் தாத்தா அந்த வம்சத்தில் பிறந்தவரே இல்லை! வேறு கூட்டத்துப் பிள்ளை. குழந்தையில்லாத வீட்டுக்கு ஆறு வயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர். பெற்றவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு கைநாட்டு.

செல்லமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “சோத்துக்கு வழியில்லாமக் குடுத்திருப்பாருங்களா?”

காரணம் எதுவும் பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை.

பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பரிவட்டம் நிலைக்கும். வெளியே வந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்? பெட்டியைப் பூட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் பூட்டவில்லை. மறுநாளே கோயில் கமிட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரத்தைப் படிக்கச் சொன்னார்.

“ரத்தம் வேறதானுங்களே... புள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணலாமில்லீங்க?”

பெரியவர்கள் ரொம்ப நேரம் வாதாடிவிட்டுச் சரி என்றார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக இழுத்தார். “ரத்தம் வேறன்னா... பரிவட்டமும் வேற ஊட்டுக்குத்தானுங்க போகோணும்?”

செல்லமுத்து பத்திரத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு, “ஆமாங்க” என்றார்.

வம்சத்தைத் தோண்டுகிறவர்கள் எல்லாரும் ஜமீன்தாரைத்தான் தேடுகிறோம். பசித்த ஒரு பிள்ளையை — அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தகப்பனை — யார் தேடுகிறார்கள்?

போன வாரம் நோம்பி. பரிவட்டம் வேறொருவர் தலையில். செல்லமுத்து பின்வரிசையில் மகளோடு நின்றிருந்தார். ஃப்ளெக்ஸ் என்னாயிற்று என்று அவர் காதோரமாகக் கேட்டேன்.

“அடிச்சாச்சுங்க, கல்யாண மண்டபத்துக்கு. பேரு எல்லாத்துக்கும் மேல அந்தக் கைநாட்டுதானுங்க!”