அரசர் வீட்டு வாய்த்துணி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஐந்துக்கும் சோறு போட்டது ரொறன்ரோ நகரத்தின் நடுவில் இருக்கிற ஒரு ஹோட்டலில் துணி தோய்த்து அயன் பண்ணுகிற லோன்றி.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெல்ல, ஆறுதலாகத்தான் வரும். யூனியன்காரர் புதிதாக வேலைக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லட்டாம். மற்றவர்கள் வாயால் சொல்ல வேறு ஆட்கள் எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலையை நான் செய்தேன், நானே எழுதுகிறேன்.

ஹோட்டலின் பெயரை எழுதமாட்டேன். அங்கே வந்து தங்கிய அரசரின் நாட்டையும் எழுதமாட்டேன். அரசர் நடந்து வந்தால் சனம் குனிந்து தரையைப் பார்க்கிற நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தலைக்கு மேலே வந்த துணி

எங்கள் லோன்றி நிலத்துக்குக் கீழே. ஜன்னல் இல்லை. கட்டில் விரிப்புகளுக்குப் பெரிய ரோலர் மெஷின். விருந்தாளிகளின் நல்ல உடுப்புகளுக்கு மூலையில் கையால் பிரஸ் பண்ணுகிற மேசை. அந்த மேசை என்னுடையது. பட்டுச் சேலையோ கல்யாணக் கோட்டோ, நான் பிரஸ் பண்ணி மேலே அனுப்பியது ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் காலை எங்கள் சூப்பர்வைசர் அன்ரன் ஓடி வந்தான். அவன் என் கடைசி மகனின் வயது. நல்ல பிள்ளை, ஆனால் மேலதிகாரியின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே வேர்த்துவிடும்.

"அன்ரி, மேல் மாடி முழுக்க எடுத்திட்டினம். ராசா வந்திருக்கிறார். உண்மையான ராசா. உடுப்பெல்லாம் உங்கடை மேசைக்குத்தான் வருகுது. தயவு செய்து ஒண்டும் கதைக்காதேங்கோ."

"ராசாவுக்கும் வேர்க்கும்தானே, தம்பி? கொண்டு வரச் சொல்லு."

உடுப்பைக் கொண்டு வந்தவர் வெள்ளை உடுத்த ஒரு வயதானவர். அரசரின் துணிமணிக்கு அவர்தான் பொறுப்பு. துணி மூட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தார். அரசரின் துணி யாருடைய இடுப்புக்கும் கீழே இறங்கக் கூடாதாம். லிப்ட் கதவில் இடித்து, குனிய முடியாமல், பாவம், பக்கவாட்டாக நுழைந்தார்.

அவர் பேசியது ஆங்கிலம். அவர்கள் எல்லாரும் என்னோடு பேசியது ஆங்கிலந்தான். எனக்கு விளங்கினபடி என் பேச்சில் எழுதுகிறேன்.

மேசையில் துணியை வைத்துவிட்டு மடித்த இரண்டு வெள்ளைத் துண்டுகளை நீட்டினார். "மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கோ. மூச்சு அரசரின்ரை துணியிலை படக் கூடாது."

அன்ரனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் கோபித்துவிடுவேன் என்று பயந்தான். எனக்கு ஏன் கோபம்? ஊரில் எங்கள் சந்நிதி கோயிலில் பூசகர் வாய் கட்டித்தான் பூசை செய்வார். சாமிக்குக் கட்டுவதை ஓர் ஆளுக்குக் கட்டச் சொல்கிறார்களே என்றுதான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே கட்டினேன். ஒரு துண்டு எனக்கு, மற்றது வசந்திக்கு.

2. வசந்தி

வசந்தி என்பது அவளுடைய பெயர் இல்லை. நான் வைத்த பெயர்.

என் மேசைக்கு உதவியாக வந்த பிள்ளை அவள். முப்பது வயது இருக்கும். ஒரு மகளோடு வேறு நகரத்திலிருந்து வந்தவள். புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் என்று எனக்கு மட்டும் சொன்னாள். அவனுடைய கை அவளுடைய காதுக்கு என்ன செய்தது என்று காட்டினாள். அதை எழுதப் போவதில்லை.

முதலில் ஓடிப்போய் இருந்த இடத்தில் அவளை அவன் கண்டுபிடித்துவிட்டான். எப்படி என்றால், பக்கத்து வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டுகிற படத்தில் பின்னால் இவள் நிற்கிறாள். வீட்டுக்காரி ஒரு கெட்ட நினைப்பும் இல்லாமல் அதைப் போனில் எல்லாரும் பார்க்கப் போட்டாள். அந்தக் கிழமைக்குள்ளேயே அவன் கீழே காரில் இருந்தானாம். மகளின் சப்பாத்தைக்கூட எடுக்காமல் பின்வாசலால் ஓடி ரொறன்ரோவுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கோயில் தேருக்குப் போவதில்லை, கல்யாண மண்டபத்துக்குப் போவதில்லை. யாராவது போனை நிமிர்த்திப் பிடித்தால் பொத்தான் விழுந்ததுபோல் குனிந்துவிடுவாள். ஜன்னல் இல்லாத அந்த லோன்றிதான் அவளுக்குப் பயமில்லாத இடம்.

3. போன்காரப் பிள்ளை

மூன்றாம் நாள் ஒரு இளம்பெண் வந்தாள். அரண்மனைச் சம்பளம், ஆனால் கால்சட்டையும் கண்ணாடியும் கையில் தடி பூட்டிய போனும். வெளிநாட்டில் படித்தவளாம். அரண்மனையின் படங்களையும் வீடியோக்களையும் போனில் போடுவது அவளுடைய உத்தியோகம்.

சிரித்தபடி வந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு முதலிலேயே பிடிக்கவில்லை. இங்கே கீழே ஒருவரும் காரணமில்லாமல் வந்து சிரிப்பதில்லை.

"அரசியார் இப்ப கீழை வரப்போறா. உங்களோடை சேர்ந்து அயன் பண்ணப்போறா. எங்கடை அரச குடும்பமும் எளிமையான ஆக்கள்தான் எண்டு சனம் பார்க்க வேணும்."

"அரசிக்கு அயன் பண்ணத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அதுதானே வடிவு! நீங்கள் சொல்லிக் குடுக்கிறியள், அவ பழகுறா. லைவ். இப்பவே எங்கடை நாட்டிலை எல்லாரும் பார்ப்பினம். உலகம் முழுக்கப் பார்க்கும்."

அந்த நாட்டில் ஒரு காலத்தில் அரசரைப் படம் பிடித்தால் மறியலில் அடைப்பார்கள் என்று வெள்ளை உடுத்த பெரியவர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார். திரைக்குப் பின்னால் இருந்து ஆண்ட ஆட்களுக்கு இப்போது எல்லார் கைக்குள்ளும் தெரிய வேண்டும் என்று ஏன் ஆசை வந்தது? எனக்கு விளங்கவில்லை. விளங்காத அன்பிலிருந்து நான் எப்போதும் ஒரு அடி தள்ளித்தான் நிற்பேன்.

வசந்தி என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, நான் வெளியிலை போறன்."

போக முடியவில்லை. அரசி புறப்பட்டுவிட்டா என்று கறுப்புக் கோட்டுப் போட்ட காவல்காரர் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

"வாய்த்துணி கட்டியிருக்குதானே. கழட்டாதை. குனிஞ்சு நில்," என்றேன். தலைமயிருக்கு வலைத்தொப்பி, வாய்க்குத் துணி. கண் மட்டுந்தான் மிச்சம்.

போன்காரப் பிள்ளை தடியை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். முகம் சுளித்தாள். "ஐயோ, உந்தத் துணியைக் கழட்டுங்கோ. பழைய காலம் மாதிரி இருக்கு. எனக்கு முகம் வேணும், சிரிப்பு வேணும்."

"மூச்சுப் படக் கூடாது எண்டு உங்கடை பெரியவர்தான் கட்டச் சொன்னவர்."

"அது பழைய சட்டம், அன்ரி," என்றான் அன்ரன், என் காதுக்குள். "கழட்டிப்போட்டு ஒருக்காச் சிரியுங்கோவன். காசா, பணமா?"

"நீ சும்மா இரு."

பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். அந்தப் பெண் அவருடைய மொழியில் ஏதோ சொன்னாள். அவர் திருப்பி ஒரு சொல் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள், இந்த முறை சிரிக்காமல். அவருடைய தோள் இறங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ சொல்லுறபடி செய்யுங்கோ."

தன் பேத்தியின் வயதுப் பிள்ளைக்கு அந்த மனிதர் பயந்ததைப் பார்த்தேன். யாரை நம்பி நிற்பது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

4. அரசி கீழே வந்தது

அரசி உள்ளே வந்தா. உயரமில்லை. நாற்பது, நாற்பத்தைந்து வயது. கால் நோகிற சப்பாத்து என்று நடையிலேயே தெரிந்தது. அன்ரன் பயத்தில் கும்பிட்டுவிட்டு, பிறகு கை கொடுக்கப் போய், இரண்டும் இல்லாமல் நின்றான்.

போன்காரப் பிள்ளை ஒரு விரலைக் காட்டினாள். ஒரு நிமிடத்தில் லைவ். மற்றக் கையால் எங்கள் வாயைக் காட்டிக் கழற்று, கழற்று என்று சைகை செய்தாள். அன்ரன் வசந்தியிடம், "பிள்ளை, கழட்டு, என்ரை வேலை போகும்," என்று கெஞ்சினான். வசந்தியின் கை பின்கழுத்து முடிச்சுக்குப் போனது. முடிச்சை அவிழ்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் அழவில்லை. மகளின் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது.

நான் அயனைத் தூக்கி நிமிர்த்தி வைத்தேன். அரசியிடம் நேரே பேசினேன். அவர்கள் நாட்டில் அப்படிப் பேசக் கூடாதாம். இது ரொறன்ரோ.

"அம்மா, எங்கடை கோயிலிலை வாய் கட்டித்தான் சாமிக்குப் பூசை. உங்கடை ராசாவுக்கும் வாய் கட்டச் சொன்னியள், கட்டினம். இப்ப போனுக்காகக் கழட்டச் சொல்லுறியள். ராசா பெரிசோ, போன் பெரிசோ? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் கழட்டச் சொன்னால் நான் கழட்டுறன். இந்தப் பிள்ளை கழட்டாது."

என் ஆங்கிலத்தில் இது எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அன்ரன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அரசி என்னைப் பார்த்தா. பிறகு வசந்தியைப் பார்த்தா. முகத்தை இல்லை, முடிச்சில் இருந்த கையைப் பார்த்தா.

பிறகு பெரியவரிடம் கையை நீட்டினா. "எனக்கும் ஒண்டு தாங்கோ."

பெரியவர் அசையவில்லை. அரசி மறுபடி கேட்ட பிறகுதான் மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். அரசி அதை வாயில் வைத்துத் தானே கட்டினா. சரியாகக் கட்டத் தெரியவில்லை, நான்தான் இறுக்கிவிட்டேன். அந்தக் கழுத்தில் இருந்த வேர்வை என் விரலில் பட்டது. அன்ரனுக்குச் சொன்னது சரிதான்.

லைவ் தொடங்கியது. அரசரின் உடுப்பில் இருந்த பொன் சரிகைக்கு மேலே வெறும் துணி போட்டுத்தான் அயன் வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அரசி வைத்தா. வசந்தி மேசையின் மற்றப் பக்கம் நின்று, துணியை இழுத்துப் பிடித்து, தொடக்கம் முதல் முடிவு வரை தரையையே பார்த்தாள். அந்த நாட்டுச் சட்டப்படி மரியாதை என்றால் அதுதான். பிழை சொல்ல ஒருவருக்கும் வழியில்லை.

போன்காரப் பிள்ளையின் முகம் முதலில் இருண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தில் போனில் இதயம் இதயமாக ஏறத் தொடங்கியதும் வெளிச்சம் வந்துவிட்டது. பழைய மரபுக்குத் தலைகுனிந்த அரசி என்று சனம் புகழ்கிறதாம். இதைவிட நல்ல படத்தை அவளே யோசித்திருக்க முடியாது.

அரசி ஏன் அப்படிச் செய்தா? வசந்தியின் கை அவவுக்கு விளங்கியதா? அல்லது படத்துக்கு எது வடிவு என்று அந்தப் பிள்ளையைவிட அவவுக்குக் கூடத் தெரியுமா? இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. வாய்த்துணியை மட்டும் கழற்றி, மடித்து, வசந்தியின் கையில் வைத்துவிட்டுப் போனா.

பெரியவர் அடுத்த நாள் கடைசி மூட்டையை எடுக்க வந்தார். "அது வேலைக்காரர் கட்டுற துணி. எங்கடை அரண்மனையிலை ஒரு அரசியும் அதைத் தொட்டதில்லை," என்றார். கோபமா, சந்தோசமா என்று கேட்டேன். "எனக்கே தெரியேல்லை," என்றார். மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பக்கவாட்டாக லிப்டுக்குள் போனார்.

5. பஸ் தரிப்பில்

பிறகுதான் அன்ரனுக்கு வசந்தியின் விசயம் தெரிந்தது. "ஏன் அன்ரி எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கண் கலங்கினான்.

"சொன்னால் நீ இரக்கப்பட்டு உன்ரை மனுசிக்குச் சொல்லுவாய். மனுசி இரக்கப்பட்டுத் தமக்கைக்குச் சொல்லும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோலர் மெஷினைப் போடப் போனான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதமிருக்கும், பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி! உங்களை நான் வீடியோவிலை கண்டனான். ராணியோடை நிண்டது நீங்கள்தானே? வாய் கட்டியிருந்தாலும் கண்ணிலையே பிடிச்சிட்டன்!"

கண் போதும். ஒரு ஆளைப் பிடிக்கக் கண் மட்டும் போதும்.

"பக்கத்திலை குனிஞ்சு நிண்ட பிள்ளை ஆர், அன்ரி? எங்கடை ஆள் மாதிரிக் கிடந்துது."

"தெரியாது, பிள்ளை. அது வேற ஷிஃப்ட்."

அவள் நல்லவளாகத்தான் இருப்பாள். பிறந்தநாள் வீட்டுக்காரியும் நல்லவள்தான். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் ஏறிப் போன பிறகு அடுத்ததில் போனேன்.

வசந்தி இப்போது அந்த ஹோட்டலில் இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பெரிய இடத்து ஆட்கள் உங்கள் வேலையைப் பார்க்க வந்தால், சந்தோசத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் பக்கத்தில் நிற்பவளைத் திரும்பிப் பாருங்கள். அவளுக்குச் சம்மதமா என்று பாருங்கள். உங்களுக்குச் சிரிக்க விருப்பமென்றால் அதற்குப் பிறகு சிரியுங்கள்.

இந்தப் புத்தகத்தையும் கடைசியில் போனில் போடுவார்கள் என்று என் பேத்தி ஆரணி சொல்கிறாள். யூனியன்காரர் அதை எனக்குச் சொல்லவே இல்லை.

ஆரணி, அந்தப் போனைக் கீழை வைச்சிட்டு இஞ்சை வா. இதை முதலிலை இருந்து ஆறுதலா எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழை கிடந்தால் கிடக்கட்டும். எங்கையாவது அவளின்ரை முகம் தெரியுதோ எண்டு மட்டும் பார்.