தவறு உங்களுடையது அல்ல

வெள்ளைத் திரையில் மூன்று வரிகள்: "உங்கள் பதிவை இப்போது காட்ட முடியவில்லை. தவறு உங்களுடையது அல்ல. நாங்களே உங்களை அழைக்கிறோம்." இதை எழுதிய அக்கா இன்று இல்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் இணையதள நிறுவனத்தில் அவர் எனக்கு மூத்தவர். அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து பேருந்தும் ஃபெரிப் படகுமாக வருவார். வந்ததும் காலணியைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் வேலை செய்வார்.

ரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றுக்கு நாங்கள் தளம் செய்து கொடுத்திருந்தோம். நோயாளிகள் தங்கள் முறை எப்போது என்று அதில் பார்த்துக்கொள்வார்கள். ஒரு காலை தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்துபோனது. அதைச் சமாளிக்கத் தெரியாத தளம், கோப்புப் பெயரும் அட்டவணைப் பெயருமாக ஆங்கிலத்தில் எதையெதையோ திரையில் கொட்டியது. சற்று நேரத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் அழுதார். தான் எதையோ தவறாக அழுத்திவிட்டதால் கணவரின் பெயரே அழிந்துபோனது, இனி அவருக்கு இடம் கிடைக்காது என்று நம்பிவிட்டார். அக்கா அவரிடம் வெகுநேரம் பேசினார்.

அன்று மாலைக்குள் நிரலை மாற்றினார். பிழை எழுந்தால் திரையில் அந்த மூன்று வரிகள் மட்டும், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். எந்த நேரம், எந்தப் பக்கம், என்ன பழுது, பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்ற விவரமெல்லாம் எங்களுக்கு மட்டும் தெரியும் பதிவுக்கோப்பில் போய்ச் சேரும்.

"சாரி, திரும்ப முயற்சி பண்ணுங்கன்னு போட்டா போதும்லா," என்றார் முதலாளி.

"உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்கறவங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியாது பாஸ். நாமதான் கூப்பிடணும்."

சொன்னபடியே, பிழை எழும்போதெல்லாம் அக்காவே கூப்பிட்டார். பழுது பார்க்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டு, தொலைபேசியோடு ஜன்னலோரம் போய்விடுவார்.

சென்ற ஆண்டு டிங்கிக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. திங்களன்று தலைவலி என்று விடுப்பு எடுத்தவர் அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். நான் விசாரித்து அனுப்பிய செய்திக்கு, "சரியாயிடும் தம்பி" என்று பதில் வந்திருந்தது.

தகனம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று தொலைபேசி ஒலித்தது. முன்பு அழுத அதே அம்மா.

"அங்கேருந்து பேசற பொண்ணு இந்த வாரம் கூப்பிடவே இல்லையே தம்பி."

தளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கணவரின் முறையைப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவரு போயி ரொம்ப நாளாச்சுப்பா. அதுக்கப்புறமும் பொண்ணு கூப்பிடும். சாப்பிட்டீங்களான்னு கேக்கும். அதோட போன் கெட்டுப்போச்சோ?"

அக்கா இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் நடந்ததைச் சொன்னேன்.  "அந்தப் பொண்ணு மொகத்தக்கூடப் பாத்ததில்லையே தம்பி," என்றார்.

இப்போது நான் அந்த அம்மாவை அழைக்கிறேன். எனக்கு அக்காவைப் போலப் பேச வராது. சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடித்ததும் வார்த்தை தீர்ந்துவிடும். அவரும் தொலைபேசியை வைத்துவிடச் சொல்வதில்லை. அவர் வீட்டு வானொலியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.