சேகரின் கமெண்ட்

போன சனிக்கிழமை தைத்த ரவிக்கையை வாங்க லிட்டில் இந்தியா போயிருந்தேன். தையல்கடை சாந்தி என்னைக் கண்டாலே, "வாங்கக்கா, இன்னிக்கு எந்தக் கழுத்துக்குச் சண்டை?" என்பாள். அன்று மட்டும் போனை என் கையில் திணித்தாள்.

"நான் என்னக்கா தப்பாப் பேசிட்டேன்? தூக்கிட்டாங்க."

திரையில் இருந்தது இதுதான்: உடல்நலம் குறித்த தவறான தகவல். உங்கள் வீடியோ நீக்கப்பட்டது.

சாந்தியின் கணவர் சேகர் ஜூரோங்கிலிருந்து துவாஸ் தொழிற்பேட்டைக்கு ஊழியர்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஓட்டியவர். சரியான வாயாடி. பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் ஊசியும் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனி.

ஊசிக்குப் பயமா? அதெல்லாம் இல்லை. ஊசி போட்டுக்கொள்கிறவனை பஸ் ஓட்ட விடமாட்டார்கள் என்று டிரைவர்கள் யாரோ பேசிக்கொண்டதை மனுஷர் அப்படியே நம்பிவிட்டார். டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் கம்பெனிக்குப் போய்விடுமே... அதனால் போனிடம் கேட்டார்.

போன் உடனே ஒரு ஆளைக் காட்டியது. வெள்ளை வேட்டி, சாந்தமான குரல், மேஜைமேல் கஷாயம். "மாத்திரை உங்களைக் கடைசிவரை நோயாளியாகவே வைத்திருக்கும். இதை ஒரு மண்டலம் குடியுங்கள்." அழகான தமிழ். கீழே மட்டும், கண்ணுக்கே தெரியாத ஆங்கில எழுத்தில், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும் என்று ஒரு வரி. சேகர் தமிழைக் கேட்டார், ஆங்கிலத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரையை நிறுத்தினார். சாந்தி கத்தினாள். "கோப்பியில சீனி போடுறதில்ல, கஷாயம் வேற குடிக்கிறேன், இன்னும் என்னலா வேணும் உனக்கு?" என்று அடக்கிவிட்டார்.

பிறகு காலில் ஒரு புண். ஷூ கடித்த சாதாரணப் புண். ஆறவில்லை. சாக்ஸைப் போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஐம்பது தாண்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் சாந்தி ஒரு வீடியோ எடுத்தாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அந்தக் கஷாயப் பொடியைக் கையில் தூக்கிக் காட்டி, எந்த ஆள் என்று ஜனங்களுக்குத் தெரியவேண்டுமே என்று அந்த வேட்டிக்காரர் பேச்சையும் கொஞ்சம் ஒட்டி... "இத நம்பித்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு. நீங்க நம்பாதீங்க." இவ்வளவுதான் பேசியிருக்கிறாள்.

வீடியோக்களைச் சோதிக்கிற மெஷின் பொடியைப் பார்த்தது. அந்த ஆளின் பேச்சைக் கேட்டது. தூக்கிவிட்டது. சாந்தி அழுததை அது கணக்கில் எடுக்கவில்லை.

சரி, அந்த ஆளின் வீடியோ? கடையிலிருந்தே புகார் கொடுத்தோம். நான் ரவிக்கையைப் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது — எங்கள் விதிகளுக்கு முரணாக எதுவும் இல்லை!

எழுதிப் பிழைக்கிறவள் நான். யாராவது தணிக்கைக் கத்தரியைக் கையில் எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாரும் பேசட்டும், கேட்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்கிற கட்சி. இப்போதும் அந்தக் கட்சிதான். ஆனால், பேசியவர் நன்றாக இருக்கிறார். கேட்டவர்தானே இல்லை? வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், வெட்டுகிற இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு மனுஷர் இருக்கக்கூடாதா? மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினோம். இன்னும் பதில் இல்லை.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "இதையும் பாருங்கக்கா" என்று மேஜை டிராயரிலிருந்து சேகரின் போனை எடுத்தாள் சாந்தி. தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். அதே கஷாய வீடியோ. அதன் கீழே, சேகரின் சிரித்த படத்தோடு ஒரு கமெண்ட்.

'நன்றி ஐயா. மாத்திரை விட்டு ஒரு மாசம் ஆச்சு. உடம்பு நல்லா இருக்கு.'

அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள்! கடைசியாக ஒருவர், துவாஸ் விடுதியில் இருக்கும் ஊழியராம், கேட்டிருந்தார்: 'அண்ணே, எனக்கும் சுகர். நானும் மாத்திரைய விட்டுடலாமா?'

போனை அவள் பக்கம் திருப்பினேன். "சாந்தி, அவர் கமெண்ட்ட அழிச்சிடு. இப்பவே."

"என்னால முடியலக்கா. எத்தனையோ தடவ விரல் பட்டன் வரைக்கும் போயிடுச்சு. 'உடம்பு நல்லா இருக்கு'ன்னு அவரு சொன்னது... அது ஒண்ணுதான் இருக்கு."

கத்தரிக்கு எதிராக அத்தனை பேசுகிறவள், ஒரு விதவையின் கையில் அதைக் கொடுத்து வெட்டு என்கிறேன். திரும்ப உட்கார்ந்தேன். சாந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த ஊழியரின் கேள்விக்குக் கீழே, சேகரின் பெயரிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'தம்பி, மாத்திரைய விடாதீங்க. நான் செத்துட்டேன்.'

நான் இதை எழுதும்வரை அதை யாரும் நீக்கவில்லை.